புற்றுநோய் தீர்ந்தாரும் சத்து மருந்தும்

நோயுற்றாரைச் சென்று காண்டல் நம் நாட்டில் எல்லாச் சமயத்தார்க்கும் உரிய நல்வழக்கம். கிறிஸ்தவராகிய எமக்கோ அஃது ஆண்டவர் விதித்த கடமையுமாம். காணச் செல்வோர் வெறுங்கையோடு செல்லலாகாதென்பதும் அவ்வழக்கத்தின் ஒரு கூறேயாகும். முன்னாளில் அக்கையில் இருந்தவை ஆரஞ்சுப் பழங்களும், ரொட்டியும், மிஞ்சிப்போனால் ஒரு ஹார்லிக்ஸ் புட்டியுமே. இந்நாளிற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரது கட்டிலருகேயுள்ள சிறு மேசையை நோக்குவார், அங்கே ஒரு மருந்துக்கடையே குடியேறியிருத்தலைக் காண்பர். புரதமாவு டப்பா, மீனெண்ணெய் மாத்திரை, மஞ்சட்சத்துக் குளிகை, கோதுமைப்புற் பொடி, சீந்திற் சாறு, பலவகை வைட்டமின்களை ஒன்றாய் அடக்கிய பெருமாத்திரை என அவை பலதிறப்படும். ஒவ்வொன்றும் ஒருவர் அன்பு; ஒன்றேனும் வைத்தியர் எழுதிக் கொடுத்ததன்று.

அன்பு காரணமாகக் கொடுக்கப்படும் இப்பொருள்களை வைத்தியர் அறியாது உண்டல் தகாதென்பதும், அத்தகாமைக்கு நோயாளியினும் கொடுப்போராகிய நம்மனோரே பெரிதும் பொறுப்பாளர் என்பதும் எம் கருத்து. அக்கருத்தையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

இவற்றிற்கு வழங்கும் பெயரே மயக்கத்திற்கு முதற்காரணமென யாம் எண்ணுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர் எப்பொருளைத் தொட்டாலும் சொல்லாராய்ச்சியில் வந்து நிற்பர் என்று விஞ்ஞான வகுப்பு நண்பர் நகைப்பர், நகுக. 1912-ஆம் ஆண்டிற் காசிமிர் பங்க் என்னும் போலந்து நாட்டறிஞர் ‘வைட்டமின்’ என்னும் சொல்லைப் படைத்தபோது, உயிர்வாழ்க்கைக்கு இன்றியமையாத அமின்கள் என்னும் கருத்தை அதனுள் வைத்தார். அப்பொருள்கள் யாவும் அமின்கள் அல்ல என்பது பின்னர்த் தெளியப்பட்டும் பெயர் மாறவில்லை. நாமும் அதனை ‘உயிர்ச்சத்து’ என ஆக்கிக்கொண்டோம். உயிரும் சத்தும் ஒருங்கியைந்த பெயருடைய ஒரு பொருள் உடலுக்குத் தீங்கும் செய்யுமென்று எவர் நம்புவர்?

வணிகர் இம்மயக்கத்தை நன்கறிவர். ஆப்ரிகாட் பழக்கொட்டையின் பருப்பிலுள்ள ஒரு பொருளோடு தொடர்புடைய லேட்ரில் என்பதனை ‘பி-17 வைட்டமின்’ எனப் பெயரிட்டு, அமெரிக்க நாட்டிற் புற்றுநோயாளர் பலர்க்கு விற்றனர். அது வைட்டமின் அன்று. உடலிற் புகுந்து சயனைடு என்னும் கொடுநஞ்சைத் தோற்றுவிப்பது. 1982-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில் 178 நோயாளர்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்த வைத்தியர்கள், பயன் சிறிதும் இல்லையென்றும், சிலரது குருதியிற் சயனைடு உயிர்க்கு ஆபத்தான அளவை நெருங்கியதென்றும் கண்டு கூறினர்.

லேட்ரில் போலி வைட்டமின். ஆகலின் அதனைக் கொண்டு உண்மை வைட்டமின்களைப் பழித்தல் முறையன்று என எவரேனும் மறுக்கலாம். மறுப்பு நேரியதே. அதற்கு விடையாக உண்மை வைட்டமின் ஒன்றன் வரலாற்றையே காண்போம். இவ்வரலாறு நம் நாட்டிற் றொடங்கி, சென்னையிற் பயின்ற ஒருவர் கையில் திருப்பமடைந்ததாதலின் நாம் சிறப்பாக அறியற்பாலது.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அந்நகரத்து நெசவாலைகளிற் கூலிவேலை செய்த ஏழைப்பெண்டிர் கருவுற்ற காலத்துக் கொடிய இரத்தசோகையால் வருந்தியதன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் அவ்வாராய்ச்சியைச் சிலகாலம் நடத்தினார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாரம் அந்நோயைத் தீர்த்தலை அவர் கண்டு 1931-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாரத்தில் மறைந்திருந்த பொருள் இன்னதென்பது அப்போது விளங்கவில்லை. பின்னர் 1941-ஆம் ஆண்டிற் கீரையிலையினின்று பிரித்தெடுக்கப்பட்டமையின், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இக்காலத்துக் கருவுற்ற மகளிர்க்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுக்கப்படும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இதுவே. எத்துணையோ தாய்மாரையும் சேய்களையும் காத்த இதனினும் ‘உயிர்ச்சத்து’ என்னும் பெயர்க்குத் தக்கது வேறுண்டோ?

இனி இதன் மறுபக்கம். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையிற் பணியாற்றிய சிட்னி பார்பர் என்பவர், இரத்தப்புற்றால் வாடிய குழந்தைகளைக் காப்பாற்ற வழி தேடினார். சோகையுற்ற குருதியைச் செழிக்கச் செய்யும் போலிக் அமிலம் கெட்ட குருதியையும் திருத்துமென எண்ணுதல் இயல்பேயன்றோ? அவ்வினத்துப் பொருள்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டன. விளைந்ததோ வேறு. எலும்பின் உள்ளீட்டில் நோயணுக்கள் முன்னினும் விரைந்து பெருகினவாகப் பார்பர் கண்டார். நல்லணுவை வளர்க்கும் உணவு தீயணுவையும் வளர்த்துவிட்டது.

அப்போது அவர் எதிர்வழியை எண்ணினார். போலிக் அமிலத்தைப் போலத் தோன்றி, அணுவை ஏமாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருளொன்று வேண்டும். அத்தகைய பொருள்களை ஆக்கிக்கொண்டிருந்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர், பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கையிற் பொருளின்றி அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள். அவர் கூடத்தினின்று வந்த அமினாப்டெரின் என்னும் மருந்தைப் பார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் நோய் தணிவு காணப்பட்டது. அத்தணிவு நிலைத்ததன்று, எனினும் இரத்தப்புற்று மருந்துக்குப் பணிந்தமை உலகறிய வெளியானது 1948-ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் அவர்கள் மறைந்தனர். அவர் பெயரை நம் கல்லூரி மாணவரிற் பத்தில் ஒருவரேனும் அறிவரோ என ஐயுறுகின்றோம். இது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

பம்பாயில் உயிர் காத்த பொருளும் பாஸ்டனில் நோயை வளர்த்த பொருளும் ஓரினத்தனவே என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. இவ்வரலாறு பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. அமினாப்டெரினின் தம்பி எனத்தக்க மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பலவகைப் புற்றுக்குத் தரப்படுகின்றது. அதனைப் பெறுவார் வைத்தியர் அறியாது போலிக் அமிலம் உண்பராயின் மருந்தின் ஆற்றல் குறைதல் கூடும். கேப்சிட்டபைன் என்னும் வேறொரு மருந்தை உண்பார்க்கோ, அதே போலிக் அமிலம் மருந்தின் நச்சுத்தன்மையை மிகுவிக்கும். வாய்ப்புண்ணும் பேதியும் கடுமையாகும். பெமெட்ரெக்ஸெட் என்னும் மூன்றாவது மருந்துக்கோ நிலை முற்றும் மாறியது. அதனைச் செலுத்துதற்கு 7 நாள் முன்னரே போலிக் அமிலத்தைத் தொடங்கவேண்டும். பி-12 ஊசியும் போடவேண்டும். தொடங்காவிடின் நோயாளி பெருந்துன்பத்திற்கு உள்ளாவர். ஒரே மாத்திரை ஒருவர்க்கு மருந்தைக் கெடுக்கின்றது, ஒருவர்க்கு நஞ்சைக் கூட்டுகின்றது, ஒருவர்க்குக் கவசமாகின்றது. இம்மூவருள் தாம் காணச் செல்பவர் எவர் என்பதை, மருந்துக்கடையில் நின்று டப்பாவை விலை பேசும் விருந்தினர் எங்ஙனம் அறிவர்?

வைட்டமின்களை மிகுதியாக உண்டாற் புற்று வாராது என்னும் நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுள்ளது. பின்லாந்து நாட்டிற் புகைபிடிக்கும் பழக்கமுடைய ஆடவர் 29,133 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிபு 1994-ஆம் ஆண்டில் வெளிவந்தது. காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை நாடோறும் மாத்திரையாக உண்டவரிடம் நுரையீரற்புற்று குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு விழுக்காடு மிகுந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றொன்றும் அவ்வாறே தீமையைக் காட்டியமையின் 1996-ஆம் ஆண்டில் இடையிலே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ மாத்திரையை உண்ட ஆடவரிடம் சுக்கிலச்சுரப்பிப் புற்று 17 விழுக்காடு மிகுந்ததென 2011-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

எம் பொருளுக்கு இவற்றினும் நெருங்கியது கனடா நாட்டு ஆராய்ச்சி. தலையிலும் கழுத்திலும் புற்று வந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 540 பேர் அதிற் கலந்துகொண்டனர். வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டார் இதனை அசட்டை செய்தல் ஆகாது. வைட்டமின் ஈ மாத்திரை உண்டவர்க்கு, அதனை உண்டுவந்த காலத்தில், வெறும் மாத்திரை உண்டவரினும் மிகுதியாகப் புதிய புற்றுக்கள் தோன்றின என 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நிறுத்திய பின்னர் அவ்வேறுபாடு மெல்ல மறைந்தது என்பதையும் சேர்த்துக் கூறுதலே நேர்மை. காரட்டும் கீரையும் தீயன என்பது இதன் பொருளன்று. ஒரு கைப்பிடிக் கீரையில் இயற்கை வைத்த அளவு வேறு. அதன் ஒரு கூற்றை மட்டும் பிரித்துப் பன்மடங்காகத் திரட்டிய மாத்திரை வேறு. பவுல் அடிகள் தீமோத்தேயுவின் பலவீனத்திற்குத் திராட்சரசத்தைச் சொன்னபோது, அளவையும் உடன் சொல்லியே விட்டார். நம் விளம்பரக்காரர் அளவை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

‘இவை மேனாட்டு மாத்திரைகளின் கதை, நம் மூலிகைகள் யாது தீங்கு செய்யும்?’ என்பார் பலர். சித்த மருத்துவத்தின் பெருமையை யாம் குறைத்துக் கூறுவேமல்லேம். அதன் பெருமைகளுள் ஒன்று பத்தியம் என்னும் கொள்கை. ஒரு மருந்தை உண்ணுங்கால் இன்னது உண்ணலாம், இன்னது உண்ணலாகாது என்னும் நுட்பத்தை ஒரே சொல்லால் நம் முன்னோர் எந்தப் பாட்டிக்கும் விளங்க வைத்தனர். இந்நாளைய மூலிகை விற்பனையாளரோ மூலிகையை எடுத்துக்கொண்டு பத்தியத்தை எறிந்துவிட்டனர். பரம்பரை வைத்தியர் எவரும் நாடி பாராது, வேறு மருந்து உண்கின்றீரோ எனக் கேளாது, அஞ்சலில் மருந்து அனுப்பியதில்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். குழம்பிலும் இரசத்திலும் இடும் மஞ்சட்பொடியைப் பற்றி எவரும் அஞ்சவேண்டுவதில்லை. அதன் சத்து உடலிற் சேர்வது மிகச் சிறிதே. அக்குறையை நீக்கவே மஞ்சட்சத்துக் குளிகைகளில் மிளகின் சத்தையும் சேர்க்கின்றனர். பெங்களூரிலுள்ள செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2 கிராம் மஞ்சட்சத்தோடு 20 மில்லிகிராம் மிளகுச்சத்தைச் சேர்த்து உண்டபோது, உடல் ஏற்கும் அளவு இருபது மடங்கு உயர்ந்தது. இதனை வணிகர் பெருமையாக அச்சிடுகின்றனர். உயர்ந்ததன் காரணத்தை அச்சிடுவதில்லை. குடலிலும் ஈரலிலும் அயற்பொருள்களை மாற்றி வெளியேற்றும் நொதிகளை மிளகுச்சத்து தடுத்துவிடுகின்றது. அதனாலேயே மஞ்சட்சத்து தங்குகின்றது. அந்நொதிகளையே நம்பியிருக்கும் மருந்துகளின் நிலை யாதாகும்? மார்பகப் புற்று மீண்டும் வாராதிருக்கப் பெண்டிர் ஆண்டுக்கணக்காக உண்ணும் தமாக்ஸிபென் என்னும் மாத்திரை, ஈரலில் மாற்றமுற்ற பின்னரே முழு வலிவு பெறுவது. மஞ்சட்சத்துக் குளிகையை உடன் உண்டவரது குருதியில் அவ்வலிய உருவம் குறைந்ததென்றும், மிளகுச்சத்தும் சேர்ந்தபோது மேலும் குறைந்ததென்றும் நெதர்லாந்து நாட்டார் 2019-ஆம் ஆண்டில் அறிவித்தனர். சீந்திலைப் பற்றியும் ஒன்று கூறுவோம். பெருந்தொற்றுக் காலத்தில் நோயெதிர்ப்பை வளர்க்குமென மக்கள் அதனை மிகுதியாக உண்டபோது, ஈரல் அழற்சியுற்ற ஆறு பேரைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021-ஆம் ஆண்டில் எழுதினர். அதனை மறுத்தாரும் உளர். ஆயினும், புற்றுமருந்துகளால் முன்னரே நலிந்த ஈரலை அவ்வாதத்தின் நடுவில் நிறுத்துதல் அறிவுடைமையாகாது.

வீடு திரும்பியோர் ‘சிகிச்சைதான் முடிந்துவிட்டதே’ என்பர். பெரும்பாலார்க்கு அது முடியவில்லை. தமாக்ஸிபென் ஐந்தாண்டும் பத்தாண்டும் தொடரும். தைராய்டு சுரப்பியை அறுத்து நீக்கப்பெற்றோர் வாணாள் முழுதும் லெவோதைராக்ஸின் உண்ணவேண்டும். அவர்கட்குக் கால்சியமும் தேவைப்படலாம். ஆனால் இரண்டையும் ஒருங்கே விழுங்கினாற் கால்சியம் மற்றதனைப் பற்றிக்கொண்டு குடலிற் சேரவொட்டாது தடுக்கும். நான்கு மணிநேரம் இடைவிடல் வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் இவ்விதியே.

மற்றொன்று எமக்கு மிகவும் இரங்கத்தக்கதாகத் தோன்றுகின்றது. மருந்தாற் கூந்தல் உதிர்ந்த பெண்டிர், அது விரைவில் வளரும் என்று பிறர் சொல்லக் கேட்டுப் பயோட்டின் மாத்திரையை உண்கின்றனர். குறைபாடில்லாதார்க்கு அதனாற் கூந்தல் வளருமென்பதற்குச் சான்று வலிதன்று. அதனினும் பெரிய கேடு உண்டு. மிகுதியான பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளைப் பொய்க்கச் செய்கின்றது. இதனைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2017-ஆம் ஆண்டில் எச்சரித்தனர். தைராய்டுப் புற்று மீண்டதோ எனக் காட்டும் தைரோகுளோபுலின் என்னும் அளவு, சில பரிசோதனை முறைகளில், உள்ளதினும் குறைவாகத் தோன்றும். நோய் மீண்டிருந்தும் இல்லையெனத் தாள் கூறும். தாளை நம்பி வைத்தியரும் ‘நலம்’ என்பர். கூந்தலுக்கு உண்ட மாத்திரை இவ்வளவும் செய்யும் என்பது அப்பெண்மணிக்கு எங்ஙனம் தெரியும்?

இவ்வளவு கூறியமையால் எல்லா மாத்திரைகளையும் எறிந்துவிடுக என்பது எம் கொள்கையென எவரும் கருதவேண்டா. இரைப்பையை முழுதும் அறுத்து நீக்கப்பெற்றவர் பி-12-ஐ உணவினின்று கொள்ளும் ஆற்றலை இழந்துவிடுகின்றார். அவர்க்கு அவ்வூசி வாணாள் முழுதும் வேண்டும், போடாவிடிற் குருதியும் நரம்பும் கெடும். எலும்பை மெலிவிக்கும் மாத்திரைகளை உண்ணும் மகளிர்க்கு வைட்டமின் டியும் கால்சியமும் வைத்தியரே எழுதுவர். வாய்ப்புண்ணால் ஒரு கவளமும் விழுங்கவியலாதார்க்குப் புரதமாவு பேருதவி. இவையெல்லாம் குறையை அளந்து பார்த்துக் கொடுக்கப்படுவன. பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்றவர் உடலில் இரும்பு மிகுந்திருக்கும். அவர் முகம் வெளுத்திருத்தலைக் கண்டு இரும்பு டானிக் வாங்கிச் செல்வார், நிறைந்த குடத்தில் நீர் வார்ப்பாரே ஆவர்.

ஆகவே செய்யத்தக்கது வைத்தியரிடம் கூறுதல் ஒன்றே. இஃது எளிதாகத் தோன்றும், நடப்பதோ அரிது. ‘திட்டுவார்’ என்னும் அச்சமே முதற்றடை. அவ்வச்சம் காரணமற்றதெனக் கூற எம்மால் இயலவில்லை. நூறு பேர் வரிசையிற் காத்திருக்க, ஒருவர்க்குச் சில நிமிடமே ஒதுக்கும் வைத்தியர், ‘இந்தக் குப்பையெல்லாம் எதற்கு?’ என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடின், அடுத்தமுறை நோயாளி வாய் திறவார். மாத்திரையை மட்டும் நிறுத்தவும் மாட்டார். ‘வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்? அத்தனையையும் கொண்டு வாருங்கள்’ என வைத்தியரே முந்திக் கேட்டல் முறை. கேளாராயினும், வீட்டிலுள்ள புட்டி, டப்பா, பொட்டலம் அனைத்தையும் ஒரு துணிப்பையில் இட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தல் நோயாளி வீட்டார் கடன். அறுவைச் சிகிச்சை உண்டாயின், பல நாட்களுக்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும். மீனெண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டுச்சத்து முதலியன குருதி உறைதலைத் தாமதப்படுத்தக் கூடியன.

சட்டம் காக்குமென்று வாளாவிருத்தலும் பயனின்று. புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தலை 1954-ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் விலக்கியுளது. அதனாலன்றோ விளம்பரக்காரர் ‘தீர்க்கும்’ என்னாது ‘துணைபுரியும்’, ‘வலுவூட்டும்’, ‘எதிர்ப்பாற்றல் தரும்’ எனச் சொற்களைத் தேர்ந்து வைக்கின்றனர்! யாப்பருங்கலம் கற்கும் எம்மினும் அவர் சொல்லை அளந்து இடுவதில் வல்லவர். டப்பாவின் ஓரத்தில், மருந்தாகப் பயன்படுத்தற்குரியதன்று என்னும் பொருள்பட எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும். பூதக்கண்ணாடி கொண்டேனும் அதனைப் படித்தல் நன்று.

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளியையும் வைத்தியரையும் மருந்தையும் எண்ணியபின், உடனிருந்து உதவுவாரையும் நான்காவதாக வைத்து எண்ணினர். காணச் செல்லும் நாம் மூன்றாவதனை வாங்கிச் செல்லுதலைவிட நான்காவதாக ஆகலாம். வீட்டாரை முன்னரே கேட்டுக்கொண்டு, வைத்தியர் விலக்காத முட்டையோ, பாலோ, குழைய வடித்த கஞ்சியோ, கனிந்த வாழைப்பழமோ கொண்டு செல்லலாம். மருந்துச் சீட்டிலுள்ள பெயர்களையும் மேசைமேலுள்ள டப்பாக்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். கற்ற மாணவர்க்கு இது கால் மணிநேர வேலை. மறுமுறை பரிசோதனைக்குச் செல்லும் நாளில் விடியற்காலையிலேயே எழுந்து வரிசையில் நின்று சீட்டு வாங்குதற்கு அவ்வீட்டில் ஆள் இருப்பரோ இல்லையோ. அந்தத் துணிப்பையைச் சுமந்து உடன் செல்லுதற்கும், வைத்தியர் சொல்லியவற்றைக் குறித்துக்கொள்ளுதற்கும் ஒருவர் வேண்டும். நம்முள் ஒருவர் போய்வரலாம். டப்பாவின் விலையிற் பாதிக்கும் குறைவாகவே பஸ் கட்டணம் ஆகும்.